மெடிக்கல் சப்ளைஸ் ஆன்லைன் கேட்டலாக்: தப்பான ஆர்டர் போகாம தடுக்குறது எப்படி? (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

ஆஸ்பத்திரியோ, கிளினிக்கோ, லேபோ, ஆன்லைன் கேட்டலாக்ல பொருள் வாங்க ஆரம்பிச்சதும் எல்லாரும் முதல்ல கேக்குறது அப்ரூவல் எத்தனை லெவல் வைக்கலாம்னுதான். அத அப்புறம் பாக்கலாங்க. நாலு பேர் ஓகே பண்ணின ஆர்டர்லயும் தப்பான பொருள் வந்து இறங்கும், ஏன்னா அந்த நாலு பேரும் பாத்தது மொத்தத் தொகையை மட்டும்தான், உள்ள லைன்ல என்ன யூனிட் இருக்குன்னு யாரும் பாத்திருக்க மாட்டாங்க. அதனால ஐட்டம் லிஸ்ட்ல இருந்தே ஆரம்பிப்போம்.

ஸ்டெப் 1: யூனிட்டை சரி பண்ணுங்க

முழு லிஸ்ட்டையும் எக்செல்ல இறக்கிக்கோங்க. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எந்த யூனிட்ல ஆர்டர் போகுது, அந்த யூனிட்டுக்குள்ள எத்தனை பீஸ் இருக்குன்னு ரெண்டு காலம் (column) கண்டிப்பா வேணும். கிளவுஸையே எடுத்துக்கோங்க. ஒரு பாக்ஸ்ல 100, ஒரு கேஸ்ல 10 பாக்ஸ்னு வச்சுக்குவோம். வார்டுல இருக்குற நர்ஸுக்கு வேண்டியது 10 பாக்ஸ், கேட்டலாக்ல யூனிட் கேஸ்னு இருக்கு, அவங்க 10னு அடிச்சா வந்து சேர்றது 10,000 கிளவுஸ். அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல, ஸ்க்ரீன் சொல்லவே இல்லயே! பொருளை சேக்குற கார்ட்லயே (cart) "10 கேஸ் = 100 பாக்ஸ் = 10,000 பீஸ்"னு தெரியுற மாதிரி வச்சுட்டா பாதி பிரச்சனை அங்கயே நின்னுடும்.

ஜிடிஐஎன் நம்பரையும் (GTIN, பேக் மேல பார்கோடுல இருக்குற பொருள் நம்பர்) சேத்துக்கோங்க, பாக்ஸுக்கு ஒரு நம்பர், அதே பொருளோட கேஸுக்கு வேற நம்பர், அதனால பொருள் வந்ததும் ஸ்கேன் பண்ணினாலே எந்த பேக் வந்திருக்குன்னு புரிஞ்சிடும்.

ஸ்டெப் 2: பேரை ஒரே மாதிரி வைங்க

பொருள், வகை, சைஸ், ஸ்டெரைலா இல்லையா, லேடக்ஸ் இருக்கா, இதே வரிசைல எல்லா பேரும் இருக்கட்டும். கலரை மட்டும் நம்பி பேர் வைக்கவே வைக்காதீங்க. ஊசில பிங்க்னா 18ஜி (ஜின்னா கேஜ், ஊசியோட தடிமனைச் சொல்ற நம்பர்), ஐவி கேனுலால (ட்ரிப்ஸ் ஏத்த நரம்புல போடுற சின்னக் குழாய்) அதே பிங்க் 20ஜி. பச்சை ஊசில 21ஜி, கேனுலால 18ஜி. இது போதாதுன்னு ஜி நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், அதனால "பெருசு"ன்னு நெனச்சு 25ஜி எடுக்குற புது ஆள் கண்டிப்பா இருப்பாங்க. தேடுற இடத்துல "பிங்க்"னு அடிச்சா ரெண்டும் படத்தோட, எம்எம் அளவோட பக்கத்துல பக்கத்துல வரணும்.

ஸ்டெப் 3: யாருக்கு எது தெரியணும்

ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் அவங்க வழக்கமா வாங்குற லிஸ்ட் தனியா போட்டுக் குடுங்க. பேரை நாமளே டைப் பண்ணி ஆர்டர் போடுற வசதிய மூடிடுங்க, ஆனா மூடினதோட விடாம புது ஐட்டம் கேக்குறதுக்கு ஒரு ஃபார்ம் வைங்க, இல்லன்னா போன்ல ஆர்டர் போட ஆரம்பிச்சிடுவாங்க. கேக்குறவர், அப்ரூவ் பண்றவர், பொருளை வாங்கி எண்ணுறவர் மூணும் வேற வேற ஆளா இருக்கணும். சின்ன இடம், ரெண்டே பேர்தான்னா, ஆர்டர் போட்டவரே எண்ணி வாங்காம பாத்துக்கோங்க.

ஸ்டெப் 4: லிமிட்

பண லிமிட்டுக்கு முன்னாடி எண்ணிக்கை லிமிட் வைங்க. மாசம் ஆகுற அளவுக்கு ரெண்டு மடங்கு தாண்டினா சிஸ்டம் நிறுத்தி காரணம் கேக்கட்டும். பண லிமிட்டைத் தாண்டாம இருக்க ஒரே ஆர்டரை மூணா உடைச்சுப் போடுவாங்க, அதுக்கு அதே டிபார்ட்மென்ட், அதே ஐட்டம், கடைசி 7 நாள் கூட்டி பாக்குற மாதிரி ரூல் போடுங்க. எல்லாத்தையும் அப்ரூவலுக்கு அனுப்பாதீங்க, வர்ற வரத்துல படிக்காம ஓகே தட்டுவாங்க. அப்ரூவர் லீவுல போனா யாருக்குப் போகும்னு இப்பவே செட் பண்ணிடுங்க.

ஸ்டெப் 5: அவசர வழி

என்னைப் பொறுத்தவரை இதுதான் ரொம்ப முக்கியம். நோயாளி காத்துட்டு இருக்கும்போது கன்ட்ரோல்ங்கிற பேர்ல எதையும் தடுக்கக் கூடாது. அவசரம்னு டிக் பண்ணினா ஆர்டர் உடனே போகட்டும், காரணம் ஒரு வரி எழுதணும், அடுத்த வேலை நாள்ல ஒருத்தர் உக்காந்து பாக்கணும், அவ்வளவுதான். ஒரே பொருள் திரும்பத் திரும்ப அவசரத்துல வந்தா கேக்குறவங்கள திட்டாதீங்க, ஸ்டோர்ல அதோட மினிமம் ஸ்டாக் கம்மியா இருக்கு, அத ஏத்துங்க.

ஸ்டெப் 6: பொருள் வந்ததும்

பர்ச்சேஸ் ஆர்டர், வந்த பொருள், இன்வாய்ஸ் மூணும் ஒத்துப் போனாதான் பில் பாஸ் ஆகணும். ஒண்ணு இல்லன்னு சப்ளையர் வேற மாடல் அனுப்பினா தானா ஏத்துக்குற செட்டிங்க ஆஃப் பண்ணுங்க. சிரிஞ்ச் பம்ப்புக்கு (சிரிஞ்ச்ல இருக்குற மருந்தை மெதுவா தள்ளுற மெஷின்) லூயர் லாக் சிரிஞ்ச் கேட்டிருப்பாங்க, அதுல ஊசியும் ட்யூபும் திருகி நிக்கும், வந்ததோ சும்மா சொருகுற லூயர் ஸ்லிப், பம்ப் தள்ளுற அழுத்தத்துல கழண்டுச்சுன்னா மருந்து நோயாளிக்குப் போகாது. மாத்து பொருளை, அத பயன்படுத்துற டிபார்ட்மென்ட் பாத்து சரின்னு சொல்லட்டும். லாட் நம்பர் (ஒண்ணா தயாரிச்ச தொகுதியோட நம்பர்), எக்ஸ்பைரி ரெண்டையும் வாங்கும்போதே பதிஞ்சுடுங்க.

முதல்ல ஒரே ஒரு வார்டுல ஓட்டிப் பாருங்க. வாரம் ஒருவாட்டி சிஸ்டம் நிறுத்தின ஆர்டர் லைன்களை மட்டும் எடுத்து, எந்த ஐட்டத்தோட யூனிட்டோ பேரோ தப்புன்னு பாத்து திருத்துங்க. ஒரே பொருளுக்கு ரெண்டாவதா ஒரு ஐட்டம் கோடு (டூப்ளிகேட்) கிடைச்சா டெலீட் பண்ணாதீங்க, இன்ஆக்டிவ் ஆக்கினா போதும், பழைய லாட்டை கம்பெனி ரீகால் பண்ணும்போது (திரும்பக் கேக்கும்போது) எந்த வார்டுக்குப் போச்சுன்னு தேட அந்த கோடு வேணும்.