பழைய பெரிய ஸ்பீக்கருக்கு மர ஸ்டாண்ட்: நாங்கள் விடும் பிழைகள்

சித்தப்பா எழுபதுகளின் கடைசியில் வளைகுடாவில் இருந்து கொண்டுவந்த சன்சுயி ஸ்பீக்கர் சோடி இப்போது திருகோணமலை உவர்மலையில் என் முன்னறையில் நிற்கிறது. முகப்பில் மரப்பின்னல் வைத்த அந்தக் காலத்துப் பெட்டிகள். அவற்றுக்கு நான் செய்வித்த முதல் ஸ்டாண்ட் ஒரு வருடத்தில் விறகாகிப் போனது. மரவேலை செய்த ஓடாவியாரில் குற்றமில்லை. "எவ்வளவு உயரம் தம்பி?" என்று கேட்டார். எங்கோ பார்த்த படம் ஒன்றைக் காட்டி "இரண்டடி" என்றேன்.

இரண்டடி என்பது புத்தகத் தட்டில் வைக்கிற சின்ன ஸ்பீக்கருக்கான உயரம். என் பெட்டியே இரண்டடிக்கு மேல். அதை இரண்டடிக் காலில் ஏற்றினால் உச்சி ஒரு பிள்ளையின் தலைக்கு மேலே போய்விடும், கீச்சொலி தரும் சின்னக் கோனான ட்வீட்டர் உங்கள் தலைக்கு மேலால் பாடும். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும். 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலை ஏறக்குறைய 7 மீற்றர் நீளம், அது காதைத் தேடி வரும். 3000 ஹேர்ட்ஸில் அலை வெறும் 11 சென்ரிமீற்றர்தான். அதற்கு மேலே போகப்போக ஒலி டோர்ச் வெளிச்சம்போல நேராகப் போகும். காது அந்த வெளிச்சத்துக்குள் இருக்க வேண்டும்.

ஆகவே மரம் விற்கும் மரக்காலைக்குப் போகமுன் கதிரையில் இருங்கள். தரையில் இருந்து காது வரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 90 முதல் 100 சென்ரிமீற்றர் வரும். பெட்டியின் அடியில் இருந்து ட்வீட்டரின் நடு வரை அளந்து அதைக் கழியுங்கள். அதற்காக மிச்சம் முழுவதையும் காலாக்க வேண்டியதில்லை. பெரிய பெட்டிக்கு 20 சென்ரிமீற்றர்க் கட்டையான கால் போட்டு, முகத்தைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வைப்பதே நல்லது. ட்வீட்டர் 70 இல், காது 100 இல், நடுவில் இரண்டரை மீற்றர் என்றால் சாய்வு ஏழு பாகைதான். பெட்டியின் ஆழம் 34 சென்ரிமீற்றர் என்றால், முன்பக்கம் பின்பக்கத்தை விட 4 சென்ரிமீற்றர் உயர்ந்தால் போதும். பின்னால் ஒரு தடுப்புச் சட்டம் கட்டாயம். சாய்த்த பெட்டி வழுக்கத் தொடங்கினால் பிடிக்க முடியாது.

ஒரு விதிவிலக்கு. ஜேபிஎல் 4311 போன்ற ஸ்ரூடியோ பெட்டிகளில் பேஸ் கோன் மேலேயும் ட்வீட்டர் கீழேயும் இருக்கும். அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. திரும்ப அளக்க வேண்டும்.

உயரம் முழுக்க வேண்டாம், தரையிலேயே வைப்போம் என்பவர்களும் உண்டு. சீமெந்துத் தரையும் சுவர் மூலையும் பேஸைத் தூக்கிவிடும். தவில் சத்தம் எல்லாம் அண்டாவுக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும்.

அப்புறம் மரம். எங்கள் ஊரில் இதுதான் பெரிய வில்லங்கம். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும், மாரியில் ஊதும். பச்சை மரத்தில் செய்த ஸ்டாண்ட் முதல் கச்சானிலேயே மூட்டு விட்டுவிடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் தூள் அமுக்கிய பலகையோ தரை துடைக்கிற தண்ணீரையே உறிஞ்சி ரொட்டிபோல உப்பும். எனக்குப் பிடித்தது சாவண்டலை. ஆங்கிலேய வியாபாரிகள் அதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள், சென்னையில் கரையலையைத் தாண்டி ஓடும் மசூலாப் படகு கட்ட எடுத்தார்கள். அலையில் அடிபட்டு வளைந்து கொடுத்த மரம், ஸ்பீக்கருக்குத் தாராளம். புதிதாக வெட்டிய மரத்தைத் தேடி அலையாதீர்கள். அனுமதிப் பத்திரச் சிக்கல் வேறு. வீடு உடைக்கிற இடத்தில் கிடைக்கும் பழைய நிலைச் சட்டம், சாவண்டலையோ முதிரையோ தேக்கோ, பல வருடம் காய்ந்து இருக்கும். ஆணிகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓடாவியாரின் சீவுளி அலகு போய்விடும், பிறகு அவரும் போய்விடுவார்.

அகலப் பலகையால் பெட்டிபோல மூடிச் செய்வது அடுத்த பிழை. அகலப் பலகையை நாலு பக்கமும் இறுக்கினால் அது ஊதவோ சுருங்கவோ இடமில்லாமல் வெடிக்கும். உள்ளே வெறுமையாக இருந்தால் மேளம்போல அதிரவும் செய்யும். சட்டங்களால் கால், குறுக்குச் சட்டம், மேலே பெட்டியின் ஓரங்கள் இருக்க மட்டும் ஒரு சுற்று: போதும். இல்லை, மூடித்தான் வேண்டும் என்றால் மணல் நிரப்புவார்கள். அதற்குக் கடற்கரை மணலை அள்ளாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து மரத்தையும் ஆணியையும் தின்னும். ஆற்று மணலைக் கழுவி, வெயிலில் நாலு நாள் காயவைத்துப் போடுங்கள்.

மூட்டை ஆணியால் மட்டும் அடிக்க வேண்டாம். சட்டத்தின் வெட்டு முனைக்குள் போகும் ஆணிக்கும் திருகாணிக்கும் பிடிப்புக் குறைவு, முப்பது கிலோப் பெட்டியை யாராவது பக்கவாட்டில் தள்ளினால் கால் சரிந்துவிடும். ஒரு சட்டத்தில் துளை கொத்தி மற்றதன் முனையை நாக்குப்போலச் சீவி இறக்குவதுதான் சரி. திருகாணி வேண்டிய இடத்தில் பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ. சாதாரண இரும்பு உப்புவெளிப் பக்கத்துக் கடற்காற்றில் கொஞ்ச நாளில் மண்ணிறமாகிவிடும்.

எல்லாவற்றிலும் மனம் நோகிற பிழை, பழைய பெட்டியின் அடியில் துளை போட்டு ஸ்டாண்டோடு முறுக்குவது. அந்தப் பெட்டிகள் பல, தூள்பலகைக்கு மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டியவை. துளை போட்டால் உள்ளே பொடியாகும். காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி என்றால் பேஸும் கெடும். விற்கப் போனால் முதலில் பார்ப்பதும் அந்த ஓட்டையைத்தான். கறுப்பு இறப்பர் துண்டும் நேரடியாக வைக்காதீர்கள், வார்னிஷில் கறை விடும். தடித்த கம்பளித் துணியோ தக்கையோ போதும்.

கூர்முனை இரும்புக் கால்கள் படத்தில் அழகு. டைல்ஸ் தரையில் கீறும், சறுக்கும். நான் கால்களுக்குக் கீழே இரண்டு சென்ரிமீற்றர் உயரப் பித்தளைக் குமிழ் வைத்திருக்கிறேன். துடைக்கிற தண்ணீர் மரத்தைத் தொடாது, கறையான் மண் ஏறினாலும் உடனே தெரியும். முதல் மாரி முடிந்து தை பிறந்ததும் பெட்டிகளை ஒருமுறை இறக்கி, நாலு காலும் தரையில் ஒன்றுபோல நிற்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். என்னுடையதில் இடதுபக்கப் பின்கால் கொஞ்சம் தூக்கியிருந்தது, மடித்த கடதாசி ஒன்று வைத்தேன். இன்னும் அதுதான் இருக்கிறது.