தோட்டத்து அணைக்கரையில நாம பண்ற தப்புங்க, மழைக்கு முன்னாடியே பாத்துடுங்க

மலையடிவாரத்துல தோட்டம் வச்சிருக்கற நிறைய பேரு, மேல இருந்து இறங்குற மழைத்தண்ணிய மறிச்சு பத்து பதினஞ்சு அடி உயரத்துல ஒரு மண்கரை போட்டு தேக்கி வச்சிருப்பாங்க. அப்பா காலத்துல போட்டதா இருக்கும், இல்ல ரெண்டு வருஷம் முன்னாடி ஜேசிபி விட்டு போட்டதா இருக்கும். கோடையில தென்னைக்கும் வாழைக்கும் அந்தத் தண்ணிதான் உசுரு. மோட்டார்ல ஒரு சத்தம் மாறினா ஓடிப்போய் பாக்கற நாம, கரைய சுத்தி ஒரு தடவை நடந்து பாத்து எத்தனை வருஷமாச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

முதல் தப்பே இதுதான், சின்னக் கரைதானேன்னு நெனைக்கறது. 2018 மே 9 ராத்திரி கென்யாவுல, நகுரு பக்கம் சோலாய்ங்கற ஊர்ல ஒரு தனியார் பண்ணையோட மண் அணை கனமழையில உடைஞ்சு கீழ இருந்த குடியிருப்புக்குள்ள பாஞ்சுது. 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதுல குழந்தைங்க நிறைய. அதுவும் நம்மள மாதிரி பாசனத்துக்கு தண்ணி தேக்கி வச்ச இடம்தான். நம்ம நாட்டுல 2021-ல அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, ஆனா அது 15 மீட்டருக்கு மேல உயரமான அணைக்கும், 10-ல இருந்து 15 மீட்டர்ல நீளம், கொள்ளளவுன்னு சில கண்டிஷனுக்குள்ள வர்ற அணைக்கும்தான். அப்போ நம்ம பதினஞ்சு அடிக் கரைய அந்தச் சட்டப்படி யாரும் வந்து பாக்கப்போறதில்ல. நாமதான் பாக்கணும்.

அடுத்தது கலிங்கு. எங்க பக்கம் மறுகால்னு சொல்வோம், நெறஞ்சதுக்கு அப்புறம் வர்ற தண்ணி கரைமேல ஏறாம ஒதுங்கிப் போறதுக்கு விட்ட வழி. இதுல கைய வைக்காத ஆளே இல்லன்னு தோணுது. மழை முடியற நேரத்துல இன்னும் ஒரு அடி தண்ணி நின்னா பங்குனி வரைக்கும் ஓட்டிடலாம்னு மணல் மூட்டைய அடுக்குவாங்க, இல்ல ரெண்டு வரிசை கல்லு கட்டி சிமெண்ட் பூசிடுவாங்க. எங்க மாமா தோட்டத்துல ஒரு ஐப்பசியில இதேதான் பண்ணியிருந்தோம். ராத்திரி பத்து மணிக்கு மழை புடிச்சு ஒரு மணிக்கு போய் டார்ச் அடிச்சுப் பாத்தா தண்ணிக்கும் கரை உச்சிக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்ல, நாலு பேரு இடுப்பளவு தண்ணில நின்னு மூட்டைய ஒவ்வொண்ணா இழுத்துப் போட்டோம், அந்த இழுப்புல ஒருத்தர் கால் வழுக்கியிருந்தா என்னாகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் கை நடுங்குது.

கல்லு கட்டினது மேல தண்ணி வழிஞ்சா தாங்கும். மண்கரை தாங்காது. வெளிப்பக்கச் சரிவுல வழியற தண்ணி மொதல்ல புல்ல அரிக்கும், அப்புறம் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி வெட்டும், அந்த வெட்டு மேல ஏறி உச்சிய தொட்டுச்சுன்னா அதுக்கப்புறம் மூட்டை போட்டெல்லாம் நிறுத்த முடியாது. அதனால பெருவெள்ளம் போறப்பவும் தண்ணிக்கும் உச்சிக்கும் நடுவுல ரெண்டு, மூணு அடியாவது சும்மா கெடக்கணும். வீணாப்போற எடம்னு நெனைக்காதீங்க.

மூட்டை மட்டும் இல்ல. மீன் வளக்கறவங்க மீன் ஓடிடக்கூடாதுன்னு கலிங்குல வலை கட்டுவாங்க. வெள்ளத்துல வர்ற செத்தை, மட்டை, வாழைத்தண்டு எல்லாம் அந்த வலையில போய் அப்பி ஒரு மணி நேரத்துல செவுரு மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஒரு பணக்காரங்க கிளப்பு வச்சிருந்த அணை 1889 மே 31-ல உடைஞ்சு, கீழ இருந்த ஜான்ஸ்டவுன்ல 2,200 பேருக்கு மேல செத்தாங்க. அங்க மீனுக்காக கலிங்குல கம்பித்தடுப்பு வச்சிருந்தாங்க, வண்டி போகறதுக்கு கரை உச்சிய கொஞ்சம் இறக்கி அகலப்படுத்தியிருந்தாங்க, அடியில இருந்த வடிகால் குழாய் முன்னாடியே கழட்டினது திரும்பப் போடவே இல்ல. மூணுமே நம்ம ஊர்ல யாராவது இன்னைக்கும் பண்ணிட்டு இருக்கற வேலைதான். நம்ம கரையிலயும் டிராக்டர் போற எடத்துல உச்சி அமுங்கி பள்ளமாயிருக்கும், தண்ணி மொதல்ல ஏறப்போறது அங்கதான், ஒரு லெவல் டியூப் புடிச்சு பாத்தா தெரிஞ்சிடும்.

இப்ப கசிவு. மண்கரைன்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும், அத பாத்து பயப்பட வேண்டாம், ஆனா பாக்காம இருக்கறது தப்பு. கரையோட வெளி அடியில வர்ற தண்ணிய ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு ஓரமா வைங்க. தெளிவா இருந்தா சரி, அடியில மண்ணு படிஞ்சா கரைக்குள்ள இருந்து மண்ணு வெளிய வருதுன்னு அர்த்தம், உள்ள ஒரு பொந்து உருவாகிட்டு இருக்கு. அதே மாதிரி ஒரு பக்கெட் நெறைய எத்தனை செகண்ட் ஆகுதுன்னு மாசத்துக்கு ஒரு தடவை போன்ல டைம் பாத்து நோட்டுல எழுதி வைங்க, தண்ணி மட்டமும் சேத்து. மட்டம் அதே இருக்க கசிவு மட்டும் கூடினா விஷயம் இருக்கு.

இங்க எல்லாரும் பண்ற தப்பு, கசியற வாய வெளியில இருந்து களிமண்ணோ சிமெண்டோ வச்சு அடைக்கறது. வெளிய அடைச்சா உள்ள அழுத்தம் ஏறும், தண்ணி பக்கத்துல வேற எடத்துல பொத்துக்கும். கலங்கலா வந்தா அது மேல மொதல்ல மணல், அதுக்கு மேல சின்ன ஜல்லி, அதுக்கு மேல பெரிய ஜல்லின்னு போடணும், அப்பதான் தண்ணி வரும் மண்ணு வராது. அதோட தேக்கத்துல தண்ணி மட்டத்த இறக்க ஆரம்பிச்சு, கீழ இருக்கறவங்களுக்கும் உடனே சொல்லிடுங்க. இதெல்லாம் அன்னைக்குத் தாக்குப்புடிக்கதான், நிரந்தர வேலைக்கு இன்ஜினியர் வரணும்.

பைப்பு பத்தி தனியா சொல்லணும், ஏன்னா கசிவு நிறைய கரையில அதோட ஓரமாத்தான் வரும். கட்டி முடிச்ச கரைய அப்புறமா தோண்டி ஒரு பிவிசி பைப்ப வச்சு மண்ணத் தள்ளி மூடிடறோம். பைப்போட அடிவயித்துக்குக் கீழ மண்ணு இறுகவே இறுகாது, தண்ணிக்கு அதுதான் ரோடு. வால்வ வெளிப்பக்கம் மட்டும் வைக்கறது இன்னொரு தப்பு, அப்போ கரைக்குள்ள இருக்கற பைப்புல எந்நேரமும் அழுத்தம் நிக்குது, ஒரு ஜாயிண்ட் விட்டுச்சுன்னா கரை உள்ளுக்குள்ளயே அரிக்கும், நமக்கு வெளிய தெரியறப்போ லேட்டாயிருக்கும். அடைப்பு தண்ணி பக்கமா இருக்கணும். நம்ம பழைய ஏரி மதகெல்லாம் உள்பக்கம் இருந்து அடைக்கற மாதிரிதான் வச்சிருக்காங்க பாருங்க.

மரம் வைக்காதீங்க. கரையில பனை இருக்கே, பெரியவங்க வச்சாங்களேன்னு கேப்பீங்க. அகலமான ஏரிக்கரை வேற, உச்சி ஆறடி இருக்கற நம்ம கரை வேற. வேர் செத்து மக்கினா அந்த எடம் குழாய் மாதிரி ஓட்டையா நிக்கும், புயல்ல மரம் சாஞ்சா வேரோட பாதிக்கரையும் போகும். சீமைக்கருவேலம் சின்னதா இருக்கறப்பவே புடுங்கிடுங்க. பெருசாயிருந்தா தேக்கம் வத்தின நேரத்துலதான் கைய வைக்கணும், வேரையும் எடுத்து அந்தக் குழிய அரையடி அரையடியா மண்ணு போட்டு ஈரம் காட்டி இடிச்சு நெரப்பணும். ஜேசிபி பக்கெட்டால ரெண்டு தட்டு தட்டறது இறுக்கமே இல்ல. கரையில அருகம்புல்லு போதும், வெளிச்சரிவுல வெட்டிவேரும் வைக்கலாம். கரையான் புத்து, எலி வளை, நண்டு வளை இதெல்லாம் புல்லு குட்டையா இருந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும்.

வெடிப்பு பாத்தீங்கன்னா எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாருங்க. கரைக்குக் குறுக்கா, தண்ணி பக்கத்துல இருந்து வெளிப்பக்கம் வரைக்கும் போனா அவசரம், தண்ணிய ஏறவிடாதீங்க. நீளவாக்குல இருந்து ஒரு பக்கம் அமுங்கியிருந்தா சரிவு நகர ஆரம்பிச்சிருக்கு. ரெண்டுக்கும் மேல மண்ணப் பூசி மறைச்சிடாதீங்க, வர்ற இன்ஜினியருக்கும் தெரியாமப் போயிடும்.

தூர்வார அவசரப்பட்டு தேக்கத்த ஒரே நாள்ல காலி பண்றதும் தப்பு, ஊறின உள்சரிவுக்கு முட்டுக்கொடுத்த தண்ணி திடீர்னு போயிட்டா மண்ணு வழுக்கி இறங்கிடும். நாளைக்கு ஒரு அடின்னு இறக்கினா போதும். கலங்கல் கசிவு மாதிரி ஆபத்துன்னா கணக்கு வேற, அப்ப வேகமா இறக்கித்தான் ஆகணும்.

கலிங்கு எவ்வளவு அகலம் வேணும், கரைய ஒசத்தலாமாங்கறது மேல எவ்வளவு எடத்துல இருந்து தண்ணி வருதுங்கறத பொறுத்தது, கண்ணால சொல்ல முடியாது. வேளாண் பொறியியல் துறை ஆபீஸ்ல போய் கேளுங்க.

இன்னொண்ணு, கரைக்குக் கீழ ஒரு நாள் நடந்து பாருங்க. கரை போட்டப்போ வெறும் காடா இருந்த எடத்துல இப்ப வீடு வந்திருக்கும், செங்கல் சூளை ஆளுங்க குடிசை போட்டிருப்பாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு நம்பர் வாங்கிக்கோங்க, எந்த மேட்டுக்கு ஏறணும்னு பகல்லயே காட்டிடுங்க. கலிங்கு வழிக்கு மேல தண்ணி ஏறி, உச்சிக்கு ஒரு அடிதான் பாக்கின்னா எத்தனை மணியானாலும் போன் போடுங்க. கரை நின்னுட்டா காலையில திட்டுவாங்க, திட்டட்டும்.