கொழும்பு வெக்கையில் எஃப்.டி.பி. அளப்பது
சைக்கிளில் எஃப்.டி.பி. அளக்க வேண்டும் என்றால், வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு முதலில் கடலோர வீதியான மரைன் டிரைவ்தான் நினைவுக்கு வரும். நானும் விடிய ஐந்து மணிக்கு அங்கேதான் போனேன். 20 நிமிடத்துக்குள் ஓட்டோக்களுக்காக மூன்று தரம் பிரேக் பிடித்தேன். இடையில் கால் நின்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வீட்டில் டிரெய்னரில், அதாவது சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் கருவியில், செய்யுங்கள்.

எஃப்.டி.பி. என்பது ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் தளராமல் மிதிக்கக்கூடிய அதிகபட்ச வாட். முழு மணித்தியாலமும் மிதித்துப் பார்ப்பது கடினம் என்பதால் 20 நிமிடச் சோதனை. முதலில் 20 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 5 நிமிடம் முழுப் பலத்தோடு மிதித்து, 10 நிமிடம் இலகுவாகச் சுற்றுங்கள். பலர் அந்த 5 நிமிடத்தை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். குறுகிய நேரத்துக்கு மட்டும் உதவும் சக்தியை அது கரைத்துவிடும். கரைக்காவிட்டால் எண் உள்ளதைவிட உயர்ந்து காட்டும். அப்புறம்தான் சோதனை. தொடக்கத்தில் கொஞ்சம் அடக்கி மிதியுங்கள். கிடைக்கும் சராசரியில் 95 சதவீதத்தை எடுங்கள். எனக்குச் சராசரி 212, ஆகவே எஃப்.டி.பி. 201 வாட்.

இந்த 212 இரண்டாம் தடவை வந்தது. முதல் தடவை ஃபேன் போடவில்லை. கொழும்பின் ஈரக் காற்றில் வியர்வை உலராமல் வழிகிறது, உடம்பு தணிவதில்லை. சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்கும் ஓடவேண்டியிருப்பதால், அதே வாட்டுக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். பன்னிரண்டாம் நிமிடத்தில் 190 வாட்டையே பிடிக்க முடியாமல் இறங்கிவிட்டேன். அடுத்த கிழமை முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று என இரண்டு ஃபேன் வைத்தேன். இதயத் துடிப்பை மட்டும் நம்பிப் பயிற்சி செய்பவர்கள், வெக்கையில் துடிப்பு கூடுவதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கடுமையாக மிதிக்கும்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளையும் அளக்க ஆசைப்பட்டேன். மச்சாள் தாதி, கைமீட்டர் ஒன்றை இரவல் வாங்கி அவவே விரலில் குத்தினா. 100 வாட்டில் தொடங்கி, 4 நிமிடத்துக்கு ஒரு தரம் 25 வாட் கூட்டி, ஒவ்வொரு படியின் முடிவிலும் ஒரு துளி. “முதல் துளியைத் துடையுங்கோ, வியர்வை கலந்தால் பிழையாகக் காட்டும்” என்றா. வியர்வையிலும் லாக்டேட் உண்டு; அதனால் விரலை நன்றாகத் துடைத்து உலர்த்தியே குத்த வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்குக் கூடவே கூடாது.

125 வாட் வரை லாக்டேட் லீற்றருக்கு 1.2 மில்லிமோல். 150இல் 1.6, 175இல் 2.4, 200இல் 3.9, 225இல் 6.8. லாக்டேட் வேகமாகக் கூடத் தொடங்கும் எல்லையாகப் பலர் 4 மில்லிமோலை எடுப்பார்கள். ஆளுக்கு ஆள் அது மாறும் என்பதால் நான் இந்த எண்களை வரைபடமாகப் போட்டு, கோடு எங்கே செங்குத்தாக எழும்புகிறது என்றுதான் பார்க்கிறேன். எனக்கு அது 200ஐ ஒட்டி வந்தது. 20 நிமிடச் சோதனையும் அதையே சொன்னது.

எனக்கு அதைவிடப் பயன்பட்டது, கோடு மெல்ல எழும்பத் தொடங்கிய 150 வாட். ஞாயிறு காலை பத்தரமுல்லைப் பக்கம் சைக்கிளில் நீண்ட தூரம் போகும்போது அதற்கு மேல் போவதில்லை. கூட வருபவர்கள் முந்தினால் விட்டுவிடுகிறேன். ஆறு கிழமைக்கு ஒரு தரம் அதே அறை, அதே நேரம், அதே இரண்டு ஃபேன்.