ஹாம்பர்க் துறைமுகம் பார்க்க 62-ஆம் எண் படகு

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் போகிறீர்களா? துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்கச் சுற்றுலாப் படகுக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் 62-ஆம் எண் படகில் ஏறுங்கள். இதுவும் நகரப் போக்குவரத்தில் சேர்ந்ததுதான். மெட்ரோவுக்கு எடுத்த நாள் டிக்கெட்டே செல்லும். மேல்தளத்தில் நின்றால் கன்டெய்னர் கப்பல்களும் கிரேன்களும் கண்முன்னே. காற்று பிடுங்கும், ஸ்வெட்டர் முக்கியம்.

திரும்பி வந்ததும், பக்கத்திலேயே 1911-இல் திறந்த எல்பே சுரங்கப்பாதை. ஆற்றுக்கு அடியில் இலவசமாக நடந்துவிட்டு வரலாம்.

அப்புறம் இரவுக்கு, கேளிக்கை விடுதிகள் நிறைந்த ரீப்பர்பான் தெரு. சனிக்கிழமையென்றால் தூங்கவே வேண்டாம், விடிந்ததும் நேராக மீன் சந்தைக்குப் போங்கள். ஞாயிறு மட்டும்தான், 9.30-க்கு முடிந்துவிடும். வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் வைத்த பன், முதல் கடி கொஞ்சம் புளிக்கும். இரண்டாவதை நீங்களே கேட்பீர்கள்.