சந்தை விழும்போது டெலிகாம், ஐடி பங்கு வாங்குவது எப்படி? முதலில் பல்லைப் பாருங்கள்

திருநெல்வேலி மேலப்பாளையம் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை ஆடு வாங்கப் போகிறவர், விலை பேசும் முன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். மலிவாகக் கிடைக்கிறதே என்று சீக்காளி ஆட்டைப் பிடித்துவர மாட்டார். பங்குச் சந்தையில் மட்டும் நாம் அதைத்தான் செய்கிறோம். 2020 மார்ச்சில் எல்லாம் சரிந்தபோது, அதிகமாக விழுந்தது எது என்று தேடிப் பிடித்து ஒரு பங்கை வாங்கினேன். சந்தை எழுந்துவிட்டது, அது இன்னும் படுத்தே கிடக்கிறது.

சரி, முதல் வேலை பணத்தைப் பிரிப்பது. பிசான நெல் சாகுபடிக்கு விதையும் உரமும் வாங்க வைத்த பணம், காலேஜ் ஃபீஸ், நகைக்கடன் வாங்கிய பணம் எதையும் தொடாதீர்கள். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ், அக்டோபரில் 8,000க்குக் கீழே போனது. மறுபடி 21,000ஐப் பார்க்க 2010 நவம்பர் ஆகிவிட்டது. அத்தனை நாள் காத்திருக்கக்கூடிய பணம்தான் இதற்கு ஆகும்.

இரண்டாவது, வாங்கும் பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு. பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் போனிலேயே முடிந்துவிடும். புரோக்கர், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்றவரா என்று மட்டும் செபி தளத்தில் பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ‘டிப்ஸ்’ அனுப்புகிறவர்களை அப்போதே பிளாக் செய்துவிடலாம்.

மூன்றாவதுதான் பல் பார்க்கும் வேலை. டெலிகாமில் பல் என்பது கடன். ஸ்பெக்ட்ரம் (அலைக்கற்றை) ஏலம், கோபுரம், 5ஜி எல்லாமே முன்பணம் கேட்கிற சமாச்சாரம். 2019 அக்டோபர் 24 அன்று, வருமானத்தைக் கணக்கிட்டு அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணமான ஏஜிஆர் பாக்கி பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய ஜூலை-செப்டம்பர் காலாண்டுக் கணக்கிலேயே ஏர்டெல்லுக்கு 23,045 கோடி நஷ்டம், வோடஃபோன் ஐடியாவுக்கு 50,921 கோடி நஷ்டம். அடி இருவருக்கும்தான். ஆனால் 2024இல் ஏர்டெல் பங்கு 1,000 ரூபாய்க்கு மேல் இருந்தபோது, வோடஃபோன் ஐடியா 11 ரூபாய்க்குப் புதுப் பங்குகளை விற்றுப் பணம் திரட்டிக்கொண்டிருந்தது. 11 ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு கோட்டை விதைப்பாட்டு நிலத்தை மூன்று பேர் பிரிப்பதற்கும் முப்பது பேர் பிரிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? பங்கின் எண்ணிக்கை கூடக்கூட உங்கள் துண்டு சிறுத்துப்போகும். அதனால் காலாண்டு அறிக்கையில் மூன்றைத் தேடுங்கள்: மொத்தக் கடன், அதற்குக் கட்டும் வட்டி, ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் கிடைக்கும் சராசரி வருமானம். மூன்றாவது ஏறாமல் முதல் இரண்டு மட்டும் ஏறினால் விலகிவிடுங்கள்.

ஐடி கம்பெனிகளில் பெரியவற்றுக்குக் கடன் தொல்லை குறைவு. அங்கே பார்க்க வேண்டியது வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்பதை. டிசிஎஸ் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி வட அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்குள்ள வங்கிகள் செலவைச் சுருக்கினால் இங்கே ஆர்டர் குறையும். வருமானம் டாலரில் வருவதால், ரூபாய் மதிப்பு இறங்கினால் அதில் கொஞ்சம் ஈடுகட்டிவிடும். புது ஒப்பந்தங்களின் அளவு காலாண்டுக்குக் காலாண்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். அப்புறம், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கிற சோஹோவின் பங்கு வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அது சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி, ‘வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் உஷாராக இருங்கள்.

கடைசியாக, வாங்கும் விதம். எது அடிமட்டம் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே தவணையாக வாங்குங்கள். 12,000 ரூபாயை மூன்றாகப் பிரித்து, விலை 1,000, 800, 500 என்று இறங்கும்போது ஒவ்வொரு முறையும் 4,000க்கு வாங்கினால் 4, 5, 8 என்று 17 பங்குகள் சேரும். சராசரி விலை சுமார் 706. ஆனால் ஒவ்வொரு தவணைக்கு முன்னும் மறுபடி பல் பார்க்க வேண்டும், கம்பெனியே கெட்டிருந்தால் அடுத்த தவணை கிடையாது. ஆர்டர் போடும்போது, அந்த நேரத்து விலைக்கே வாங்கிவிடும் ‘மார்க்கெட்’ வேண்டாம், நீங்கள் சொல்லும் விலைக்கு மேல் போகாத ‘லிமிட்’ போடுங்கள். விலை ஆடுகிற நாளில் நீங்கள் நினைத்ததைவிட அதிக விலைக்கு வாங்கிவிடாமல் அது காப்பாற்றும். பங்கு அடுத்த வேலை நாளில் டீமேட்டில் வந்து உட்கார்ந்துவிடும்.