மேட்டில் திணறும் மோட்டார்ஹோம்: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் மோட்டார்ஹோம் (உள்ளேயே வீட்டு வசதிகள் கொண்ட வண்டி) ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் பலரும் அதைச் சோதிப்பது நிறுத்தி வைத்த இடத்தில்தான். இன்ஜினை ஸ்டார்ட் செய்வார்கள், ஆக்சிலரேட்டரை இரண்டு மூன்று தடவை மிதித்து உறும விடுவார்கள், "நல்லாத்தானே இருக்கு" என்று மூடியைச் சாத்திவிடுவார்கள். நின்ற இடத்தில் நன்றாகத்தான் இருக்கும். லோடு இல்லாத இன்ஜின் 3000 ஆர்.பி.எம். சுற்றுவதற்குக் கொஞ்சம் பெட்ரோலே போதும், பாதி அடைத்த பெட்ரோல் ஃபில்டர்கூட அதைக் கொடுத்துவிடும். பத்து டன் வண்டியை மேட்டில் ஏற்றும்போதுதான் அந்த ஃபில்டரின் வண்டவாளம் வெளியே வரும். குறை எந்த நிலையில் தலைகாட்டுகிறதோ அந்த நிலையிலேயே அதைப் பிடிக்க வேண்டும். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறப்பதால் வருபவை.

குறையே இல்லாத இடத்தில் குறை தேடுவது

முதலில் ஒரு கணக்கு. 10 டன் வண்டி ஒன்று 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை மேலே தூக்க மட்டும் சக்கரத்தில் ஏறக்குறைய 175 குதிரைத்திறன் வேண்டும். சுவர் போன்ற முகப்போடு காற்றைத் தள்ளவும், டயர் உருளவும் இன்னொரு 60, 70. ஆக மொத்தம் 240 பக்கம் வந்துவிடுகிறது. டர்போ இல்லாத இன்ஜின், கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறுவதற்கு ஒரு முறை சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். அதாவது சமவெளியில் 310 குதிரைத்திறன் தருகிற இன்ஜின், 2000 மீட்டர் உயரத்தில் 250-ஐத் தாண்டாது. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் எடுத்துக்கொண்டது போக, சக்கரத்துக்கு வந்து சேர்வது 200 சொச்சம்தான். அந்த மலையில் வண்டி 80-லிருந்து 65-க்கு இறங்கினால் அது பழுது இல்லை, இயற்பியல்.

அடுத்தது சத்தம். பெட்ரோல் இன்ஜினின் சக்தி மேல் சுற்றில்தான் இருக்கிறது. ஃபோர்டின் 6.8 லிட்டர் வி10 இன்ஜினில், சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ள வகை தன் முழு 362 குதிரைத்திறனைக் கொடுப்பது 4750 ஆர்.பி.எம்.மில். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். இன்ஜின் வெடித்துவிடுமோ என்று காலை எடுப்பார்கள், கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போகும், வண்டி உட்கார்ந்துவிடும். பிறகு "பவரே இல்லை" என்பார்கள். சிவப்புக் கோட்டைத் தொடாத வரை சுற்ற விடுங்கள். ஏற்றத்தில் திடீரென்று விமானம் போல ஓர் இரைச்சல் கிளம்பினாலும் பதற வேண்டாம். ரேடியேட்டர் சூடாகி, விசிறியை இன்ஜினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் வழுக்குகிறது என்று இதைத் தவறாக நினைத்துச் செலவு செய்தவர்கள் உண்டு.

எனவே "முன்பைவிடக் குறைந்திருக்கிறதா" என்பதுதான் சரியான கேள்வி. அதே மேடு, அதே எடை, ஏறக்குறைய அதே வெயில். எந்த கியரில், எத்தனை ஆர்.பி.எம்.மில், என்ன வேகத்தில் ஏறியது என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்திருந்தால், இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் சொல்லாததை அது சொல்லும்.

எல்லாப் பழியையும் இன்ஜின் மேல் போடுவது

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஆர்.பி.எம். ஏறி, வேகம் மட்டும் ஏறாமல் இருந்தால் கோளாறு இன்ஜினுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. தரைவரை மிதித்தும் ஆர்.பி.எம்.மே ஏறவில்லை என்றால்தான் இன்ஜினைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

பிடித்துக்கொண்ட பிரேக் இன்னொரு கள்ளன். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் துருவேறி இறுகுவது சாதாரணம். பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியையும் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால் ஆள் அகப்பட்டான். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ள பழைய வண்டியில் இன்னொன்றையும் பாருங்கள். ஒருவர் பெடலைத் தரை வரை மிதிக்க, இன்னொருவர் இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் முழுவதும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜின் அணைந்திருக்கட்டும். பெடலுக்கு அடியில் தடித்த மிதியடி கிடந்தாலே கடைசி கால்வாசி திறக்காது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள், ஓடாத மாதங்களில் எலி அங்கே குடும்பம் நடத்தியிருக்கலாம்.

ஸ்கேனர் கோடு (பழுதுக் குறியீடு) சொன்ன பாகத்தை மாற்றுவது

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171, பி0174. இரண்டு பேங்கிலும், அதாவது இன்ஜினின் இரண்டு பக்கச் சிலிண்டர் வரிசைகளிலும், காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். உடனே, எக்ஸாஸ்டில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து இதைச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். உண்மையைச் சொன்னதற்காகச் சென்சாருக்குத் தண்டனை! இரண்டு பேங்கின் சென்சார்களும் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்வது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும்: பெட்ரோல் வரத்து, காற்று அளக்கும் சென்சார், அல்லது எங்கோ உள்ளே இழுக்கும் ஓட்டைக் காற்று.

இதைவிட மோசம், அந்தப் பழுதுக் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது. அழித்ததும் கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோடு பதிவான நொடியில் என்ன வேகம், எவ்வளவு லோடு, எத்தனை டிகிரி சூடு என்ற பதிவு அது. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்த கணக்கான ஃபியூயல் ட்ரிம்மும் கூடவே போகும். பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதே கதைதான். முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூயல் ட்ரிம்மைப் படிக்கத் தெரிந்தால் போதும், பாதிப் பாகங்களை வாங்கவே வேண்டியிருக்காது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாத சும்மா ஓட்டத்தில்) +15 சதவீதம், ஆர்.பி.எம். ஏற்றியதும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது என்றால் எங்கோ வேக்யூம் டியூப் கிழிந்திருக்கிறது. சுற்று ஏற ஏற ஓட்டைக் காற்றின் பங்கு குறைவதால் அப்படி. மாறாக, ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏறும்போது ட்ரிம் மேலே போனால், பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் குறைத்துச் சொல்கிறது. மேட்டில் திணறும் வண்டிக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருந்தும்.

பெட்ரோல் பிரஷரை நின்ற இடத்தில் அளந்து திருப்திப்படுவது

சாவியைப் போட்டதும் கேஜில் சரியான பிரஷர் காட்டுகிறது, அதனால் பம்ப் நல்லது என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது. அங்கே பெட்ரோல் ஓடவே இல்லை. சாகக் கிடக்கும் பம்ப்கூட மூடிய பைப்பில் பிரஷரை ஏற்றிவிடும். முழு லோடில் அந்த பிரஷர் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். மேட்டில் கால் தரையில் இருக்கும்போது முள் சரிந்துகொண்டே போனால் வேறு சாட்சி வேண்டாம்.

கேஜை மாட்டி ஓட்டுவதாக இருந்தால் பெட்ரோல் நிறைந்த டியூபைக் கேபினுக்குள் கொண்டுவரவே கூடாது. நீளமான டியூபோடு கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே, சூடான எக்ஸாஸ்ட் பக்கம் போகாதபடி கட்டி, உள்ளிருந்து பார்க்க வேண்டும். ஓட்டுவது ஒருவர், கேஜைப் பார்ப்பது இன்னொருவர்.

கேஜ் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்தது. ஸ்கேனரில் முன் ஆக்சிஜன் சென்சாரின் (எக்ஸாஸ்டில் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருப்பது) வோல்டேஜை வைத்துக்கொண்டு மேட்டில் முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். சென்சார் 0.8 வோல்ட்டுக்கு மேல் போய் அங்கேயே நிற்க வேண்டும். 0.2, 0.3 என்று விழுந்தால் கலவை பெட்ரோல் இல்லாமல் தவிக்கிறது. கூடவே மாஸ் ஏர்ஃப்ளோ எண்ணையும் பாருங்கள். முழு த்ராட்டிலில் கிராம்/நொடி கணக்கு, குதிரைத்திறனில் சுமார் 0.8 மடங்கு வரும். 300 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் அதன் உச்ச சுற்றில் 240 பக்கம். காற்று எண் சரி, கலவையில் பெட்ரோல் குறைவு என்றால் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். காற்று எண்ணும் குறைவு, பெட்ரோலும் குறைவு என்றால் சென்சார் அழுக்கு. எண்ணெய் பூசிய ஏர் ஃபில்டர் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். காற்று எண் குறைவு, கலவை மட்டும் சரியாக இருக்கிறது என்றால் இன்ஜினால் மூச்சே விட முடியவில்லை: ஏர் ஃபில்டர், த்ராட்டில், அல்லது அடைத்த எக்ஸாஸ்ட். வைட்பேண்ட் என்ற வேறு வகை ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜின்களில் இந்த வோல்டேஜ் கணக்கு செல்லாது.

பம்ப் குற்றவாளி என்று தெரிந்தாலும் டேங்கை உடனே இறக்காதீர்கள். நிரம்பிய டேங்கை இறக்குவது முதுகுக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து. பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் வோல்டேஜை அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 வோல்ட் இருந்து பம்பில் 11 தான் வருகிறது என்றால் புது பம்பும் அப்படியேதான் சோம்பிக் கிடக்கும். இவ்வளவு நீளமான வண்டியில் வயரும் நீளம். துருப்பிடித்த எர்த், கருகிய ரிலே கால் எல்லாம் இங்கே சகஜம்.

ஃபில்டரை மாற்றினால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்ரோல் உள்ளே வரும் பக்கத்தைக் கீழே சாய்த்து, உள்ளிருப்பதை ஒரு வெள்ளைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி அசையாமல் வையுங்கள். அடியில் தேயிலைத் தூள் போல பழுப்புத் துரு படிந்தால் டேங்க் அரித்திருக்கிறது. இரண்டு அடுக்காகப் பிரிந்து கீழே கலங்கலாக நின்றால் தண்ணீர் வந்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு பல மாதம் நின்றால் அப்படிப் பிரியும். கறுப்புத் துணுக்குகள் என்றால் ரப்பர் டியூப் உள்ளுக்குள் உரிகிறது. டேங்கை, டியூபைச் சரி செய்யாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் மறுபடியும் அடைக்கும்.

ஜெனரேட்டரையும் சாட்சிக்கு அழைக்கலாம். பெரும்பாலான பெட்ரோல் மோட்டார்ஹோம்களில் அதுவும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கிறது. பாதி டேங்குக்கு மேல் இருந்தும் ஏசியை ஓடவிட்டால் அதுவும் திணறுகிறது என்றால் பெட்ரோலையே சந்தேகிக்கலாம். கால் டேங்குக்குக் கீழே அது நின்றுபோவது மட்டும் கோளாறு இல்லை. உங்களை நடுவழியில் விட்டுவிடாதிருக்க அதன் உறிஞ்சு குழாயை உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

பெட்ரோல் லைனைத் தொடும் முன் ஒரு விஷயம். கார் மெக்கானிக்குக்கு இது தோன்றாமல் போகலாம். இது வீடும்கூட. கேஸ் ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், அறை ஹீட்டர் எல்லாம் தானாகவே அடுப்பைப் போலத் தீயைப் பற்றவைத்துக்கொள்பவை. சிலிண்டர் வால்வை மூடாமல் பெட்ரோல் டியூபைக் கழற்றாதீர்கள். இருக்கைகளுக்கு நடுவே உள்ள இன்ஜின் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட விட்டால், எக்ஸாஸ்ட் கசிவிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு நேராகக் கேபினுக்குள் வரும். கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

மிஸ் அடிப்பதோடு ஓட்டிக்கொண்டே போவது

மிஸ் (மிஸ்ஃபயர்) என்பது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விடுவது. ஸ்பார்க் பிளக்கும், அதற்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலும் ஐடிலில் நல்ல பிள்ளைகள். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது தீப்பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், அப்போதுதான் பலவீனமான காயில் கைவிரிக்கும். வி10-இல் பத்து காயில், ஒன்று போனால் பத்தில் ஒரு பங்கு சக்தி. எந்த சிலிண்டர் என்று பி0301 முதல் பி0310 வரையான கோடு சொல்லும். அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில், மாறாவிட்டால் பிளக் அல்லது இன்ஜெக்டர். அதற்குப் பத்தையும் வாங்க வேண்டாம். 2000-களின் நடுப்பகுதி மூன்று வால்வு ஃபோர்டு இன்ஜின்களில் பிளக் கழற்றும்போது இரண்டாக உடைவது பேர்போனது, அனுபவம் உள்ளவரிடம் விடுங்கள்.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதன் தேன்கூட்டை உருக்குகிறது என்று அர்த்தம். உருகியது அடைத்துக்கொள்ளும், அடைத்தால் இழுவை போகும். ஆக்சிஜன் சென்சார் துளையில் கேஜை மாட்டிப் பார்த்தால் பொதுவாக ஐடிலில் 1.25 பி.எஸ்.ஐ.க்குள்ளும், 2500 ஆர்.பி.எம்.மில் 3 பி.எஸ்.ஐ.க்குள்ளும் இருக்க வேண்டும். வேக்யூம் கேஜ் மட்டும் இருந்தால், 2500-இல் பிடித்து வைத்து முள் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா பாருங்கள். அடைத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை உருக்கிய மிஸ்ஃபயரைச் சரி செய்த பிறகு மாற்றுங்கள், இல்லையென்றால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.