பின் டயருக்குள் பீட் கிழங்குப் பாகு

கனடாவின் மானிடோபாவில் நாங்கள் பழையதாக வாங்கிய டிராக்டரின் பின் டயர்களுக்குள், பின்பக்கம் கனமாக இருக்க, கால்சியம் குளோரைடு என்ற உப்பின் கரைசல் இருந்தது. நல்ல கனம், உறையவும் உறையாது. ஆனால் வால்வு ஓரம் கசிந்து ரிம்மையே அரித்துவிட்டது. துருவைச் சுரண்டியபோது வயிறு எரிந்தது.

வெறும் தண்ணீர் அந்தக் குளிரில் கட்டியாகிவிடும். கார் கண்ணாடி கழுவும் திரவம் மலிவு, மைனஸ் 40 வரை தாங்குவதும் கிடைக்கும். ஆனால் தண்ணீரைவிட லேசு. உறையாமல் தடுக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கினால் உயிரே போகும். எங்களிடம் நாய் இருக்கிறது, அதனால் அது வேண்டவே வேண்டாம்.

கடைசியில் சர்க்கரை பீட் பாகுதான். விலை கூடுதல். லிட்டருக்குச் சுமார் 1.3 கிலோ, ரிம்மை அரிக்காது, மைனஸ் 35 வரை உறையாது. வால்வை உச்சியில் நிறுத்தி அந்த மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு நிரப்பினோம், மீதி காற்று. இப்போது முன்னால் பனியை அள்ளித் தூக்கினாலும் பின்சக்கரம் தரையை விடுவதில்லை.